மைத்துனரின் பாட்டில்கள்

நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கி நிற்கும் தூண்களுள் உணவும் பானமும் ஆக்கும் தொழிலே தலையாயது என்று அறுபதுகளில் நான் அடிக்கடி எழுதினேன். அது என் கருத்தன்று, என் வேலை. பம்பாயின் கோட்டைப் பகுதியில் உணவு, பான உற்பத்தியாளர்களின் சங்கம் ஒன்று இயங்கி வந்தது. அதன் தலைவர் ஆற்றும் சொற்பொழிவுகளை எழுதித் தருவதற்கென்று, பொருளியலில் முதுகலை பயின்ற என்னை அமர்த்தியிருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் எழுதியிருந்தால் இரண்டாம் வாக்கியத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆங்கிலத்தில் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் எங்கோ ஒரு புள்ளிவிவரம் இருப்பதுபோல் ஒலிக்கும்.

அக்காலத்தில் பம்பாயில் மதுவிலக்கு நடப்பில் இருந்தது. குடிக்காவிட்டால் உடல்நலம் கெடும் என்று மருத்துவர் ஒருவர் சான்று தந்தால் மட்டுமே, அளவோடு குடிக்க அரசு அனுமதிச் சீட்டு வழங்கும். எங்கள் சங்கத்தின் செயற்குழுவினர் அனைவரும் அத்தகைய நோயாளிகள். ஆண்டு விருந்தில் அவர்கள் காட்டியதைப் போன்ற மகிழ்ச்சியை எந்த மருத்துவமனையும் கண்டிராது. 'போட்டித்திறன்' என்பது அவர்கள் பெரிதும் விரும்பிய சொல். பிஸ்கட் ஆலை வைத்திருந்த தலைவர் அச்சொல்லைக் கூறும்போது கண்களை மூடிக்கொள்வார். சில வேளைகளில் திறக்க மறந்துவிடுவார்.

நான் குடியிருந்தது மாட்டுங்காவில். நான் உண்ட உணவு விடுதியில், ஞாயிறு பகலில் வாழைக்காய்க் கறி, உருளைக்கிழங்குப் பொடிமாஸ், பருப்புசிலி, மொச்சைக் குழம்பு என்று, மனித வயிற்றில் காற்றை நிரப்புவதையே குறிக்கோளாகக் கொண்ட ஓர் உணவு வரிசை படைக்கப்படும். அதை நான் மறுத்ததில்லை. உண்டபின் தண்டவாளத்தைக் கடந்து, தாராவிக்கு மெல்ல நடப்பேன். அங்கேதான் அண்ணாச்சியின் சோடாக் கம்பெனி இருந்தது.

கம்பெனி என்பது தகரக் கூரை வேய்ந்த ஒரே கொட்டகை. நடுவே இரும்புக் கூண்டு ஒன்று. பாட்டில்களை அதில் தலைகீழாகப் பூட்டி, காஸைத் திறந்துவிட்டுப் பக்கத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றுவார்கள். உள்ளே அழுத்தம் ஏற ஏற, ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் கண்ணாடிக் கோலி வந்து ரப்பர் வளையத்தில் இறுகிக்கொள்ளும். அவ்வப்போது ஒரு பாட்டில் வெடிக்கும். சக்கரம் சுற்றுபவர் சாக்குப்பையைத் தைத்து உடுப்பாக அணிந்திருப்பார். கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறைகள், அதுவே வீடு.

அண்ணாச்சி திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். நெற்றி நிறையத் திருநீறு. தலைக்குமேல் திருச்செந்தூர் முருகன் படம். என்னைக் கண்டால் அவருக்கு எப்போதும் ஒரு குறும்பு.

"வாங்க, எழுதுத சார்வாள்! சோடா குடிக்க வந்தியளா, இல்ல மேடைப் பேச்சுக்கு மசாலா தேடி வந்தியளா?"

தூய தமிழில் எனக்குப் பற்று மிகுதி. சோடாவுக்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல் ஆக்கித் தர வேண்டும் என்று எண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் 'வளிநீர்' என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது வயித்துல இருக்கதுல்லா சார்வாள்? பாட்டில்ல இருக்கது சோடா" என்றார். அத்துடன் அந்த முயற்சியைக் கைவிட்டேன்.

அவருடைய சோடா பெரும்பாலும் எங்கே போயிற்று என்பது தாராவி முழுவதும் அறிந்த ஒன்று. அண்ணாச்சி மட்டும் அறியார். கழிமுகத்துச் சதுப்பை ஒட்டிய குடிசைகளில் சாராயம் காய்ச்சினார்கள். தொழிலாளர் குடியிருப்பான லேபர் கேம்ப்பில் அதை விற்றார்கள். அதை வெறுமனே விழுங்குவது மனிதத் தொண்டைக்கு இயலாத காரியம் என்பதால் சோடா தேவைப்பட்டது. அண்ணாச்சியோ அந்தப் பக்கத்தில், லேபர் கேம்ப்பின் முனையில் இருந்த ஒரு வெற்றிலைக் கடைக்கு மட்டும் சோடா அனுப்பினார். நாள்தோறும் கைவண்டி நிறையப் பெட்டிகள் அந்தச் சிறு கடைக்குப் போயின.

"ஒரு வெற்றிலைக் கடைக்கு இவ்வளவா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"லேபர் கேம்ப்புல செரிக்காத வயிறு ஜாஸ்தி, சார்வாள்" என்றார், முருகனைப் பார்த்தபடி.

இத்தொழிலில் சோடாவுக்கு விலை இல்லை, பாட்டிலுக்குத்தான் விலை. உள்ளே இருப்பது மாநகராட்சிக் குழாய்நீரும் காற்றும். வெளியே இருக்கும் கனத்த கண்ணாடியோ எளிதில் கிடைக்காது. பாட்டில் போகும், காலியாகித் திரும்பும், கழுவப்படும், மீண்டும் போகும். ஊரில் அடிதடி மூண்டால் சில பாட்டில்கள் திரும்பாமல் பிறர் மண்டையில் முடிந்துவிடும். அது தொழிலின் இயல்பான தேய்மானம்.

அண்ணாச்சியின் பாட்டில் கழுத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இருக்கும். பச்சைக் கோடு இருந்தால் அது எதிர்க் கம்பெனியின் பாட்டில். எதிர்க் கம்பெனி அதே சந்தின் மறுகோடியில் இருந்தது. அதை நடத்தியவர் அண்ணாச்சியின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. அவர் முன்பு அண்ணாச்சியிடமே வேலை செய்தவர். பன்னீர் சோடாவில் எசென்ஸ் எவ்வளவு விடுவது என்பதில் அத்தானுக்கும் மைத்துனனுக்கும் கொள்கை வேறுபாடு தோன்றி, மைத்துனர் வெளியேறித் தனிக் கம்பெனி தொடங்கினார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அண்ணாச்சி மகளின் திருமணத்தில், தாய்மாமன் என்ற முறையில் மைத்துனர் வந்து, சீர் வைத்து, மாலை எடுத்துக் கொடுத்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அண்ணாச்சியிடம் ஒரு சொல்லும் பேசாமல் போனார். அப்பந்தியில் பரிமாறிய சோடாவை மட்டும் தொடவில்லை.

வாரம் முழுவதும் இருவரும் ஒருவர் கடையை மற்றவர் பறிப்பார்கள். ஆனால் கடைக்காரர்கள் காலிப் பாட்டில்களைத் தரும்போது சிவப்பென்றும் பச்சையென்றும் பாராமல் கலந்தே தருவார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலையில், சாலையோரத் திடலில், இரு கம்பெனிகளும் சாக்குகளோடு எதிரெதிரே வந்து நிற்கும். சிவப்பு இங்கே வரும். பச்சை அங்கே போகும். அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்று அழைப்பேன். அவர் ஒரு தூக்குச்சட்டியில் தேநீர் கொண்டுவந்து, கணவருக்கு ஒரு குவளையும் தம்பிக்கு ஒரு குவளையும் ஊற்றிக் கொடுத்துவிட்டு நடுவில் நிற்பார். ஆண்கள் இருவரும் வானத்தைப் பார்த்தபடி தேநீர் அருந்துவார்கள். எதிரியின் பாட்டிலில் தன் சோடாவை அடைப்பதில்லை, உடைப்பதில்லை, முடக்கிவைப்பதில்லை என்பது அந்தச் சந்தின் வழக்கம்.

"அடுத்தவன் பாட்டில்ல என் தண்ணிய அடைச்சா, குடிக்கவன் அவன் பேரச் சொல்லில்லா ஏப்பம் விடுவான்? எனக்கெதுக்கு அந்தப் பொழப்பு?" என்பது அண்ணாச்சி தந்த விளக்கம். நான் பயின்ற பாடநூல்களில் இதைக் காட்டிலும் தெளிவான விளக்கம் எதற்கும் இருந்ததாக நினைவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு கோடையில் மஞ்சள் வண்டி வந்தது.

அது ஒரு பெரிய பானக் கம்பெனியின் வண்டி. இனிப்பான, மஞ்சள் நிறமான, கழுத்தில் தகர மூடியிட்ட பானம். வண்டியிலிருந்து இறங்கிய ஏஜெண்டு, கழுத்துப்பட்டை அணிந்த ஒரு வடநாட்டு இளைஞர், கடைகடையாகச் சென்று ஒரு பனிப்பெட்டியும் வண்ணக்குடையும் இலவசமாகத் தந்தார். நிபந்தனை ஒன்றுதான்: பெட்டி இருக்கும் கடையில் கோலி சோடா இருத்தலாகாது. குடையின் நிழல் பெரிது; கோடையின் வெயிலும் பெரிது. கடைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

அண்ணாச்சிக்கு உறக்கம் போயிற்று. "மழை வாரதுக்குள்ள இருக்க கடையாவது கையில நிக்கணும், சார்வாள். இல்லன்னா இந்த மிஷின இரும்புக் கடையில போட்டுட்டு, எல்லாரும் ஊருக்கு வண்டி ஏற வேண்டியதுதான். அங்க போயி என்ன செய்ய? பனங்காட்டுக்குச் சோடா விக்கவா?" என்றார்.

அப்போதுதான் மாப்பிள்ளை தம் அறிவைப் பயன்படுத்தலானார். அண்ணாச்சி மகளின் கணவர் தூத்துக்குடியில் வணிகவியல் பட்டம் பெற்றவர். திருமணம் முடிந்த கையோடு பம்பாயில் வேலை தேடிவந்து, மாமனார் வீட்டிலேயே தங்கியிருந்தார். புது மாப்பிள்ளை. அவர் பேசும்போது அண்ணாச்சி தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொள்வார். மாப்பிள்ளை சொல்வதை மறுத்துப் பேசுவது அந்த வீட்டில் எவருக்கும் தெரியாத கலை.

"மாமா, பாட்டில்ங்கறது கேபிடல். எதிரியோட கேபிடல நாமளே கழுவி, நாமளே சுமந்துகிட்டுப் போய்க் குடுக்கோம். உலகத்துல எங்கயாவது உண்டா? இந்த ஞாயித்துக்கிழம குடுக்காதீங்க. அவருக்கு நம்மளவிட பாட்டில் கம்மி. சீக்கிரமே படுத்துருவாரு. அவர் கடையெல்லாம் நமக்கு வந்துரும். அப்புறம் மஞ்ச வண்டிய ஒரு கை பாத்துரலாம்" என்றார் மாப்பிள்ளை. பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், உங்க சங்கத் தலைவர் பேசினது பத்திரிகைல வந்துதே? நலிஞ்ச உற்பத்தியாளர் வழிவிட்டாத்தான் வலுவானவங்க அந்நியனோட போட்டி போட முடியும்னு?"

"அது முந்திரிப் பருப்பு ஏற்றுமதி பற்றிய பேச்சு" என்றேன்.

"முந்திரின்னா என்ன, சோடான்னா என்ன சார்? எகனாமிக்ஸ் ஒண்ணுதான?"

அந்தச் சொற்பொழிவை எழுதியவன் நான். கேட்டவர்களில் பாதிப்பேர் உறங்கியும் மீதிப்பேர் முந்திரியைத் தின்றும் கொண்டிருந்தார்கள். அதை ஒருவர் நம்பவும் கூடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.

அறைக்குள்ளிருந்து மதினியின் குரல் வந்தது. "மாப்பிள்ளைக்குக் காப்பி ஆறிரும். மொதல்ல அதக் குடிக்கச் சொல்லுங்க."

பேச்சை நிறுத்துங்கள் என்பதற்கு அந்த வீட்டில் அதைவிடக் கடுமையான சொல் இல்லை. மாப்பிள்ளைக்கு அது விளங்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். அண்ணாச்சி முருகனைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், "மாப்பிள்ளை சொல்லுதாங்க" என்று மட்டும் சொன்னார். அது இசைவா, புலம்பலா என்று முருகனுக்கும் விளங்கியிராது.

அந்த ஞாயிறு மாலை, திடலுக்குச் சிறிய சாக்கு ஒன்றுதான் போயிற்று. மைத்துனர் அதைப் பார்த்தார். தம் பக்கம் அடுக்கியிருந்த சாக்குகளைப் பார்த்தார். அவற்றைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார். மதினி கையில் தூக்குச்சட்டியோடு நின்றார். தேநீரை இருவரும் குடிக்கவில்லை. அது மண்ணில் ஊற்றப்பட்டது.

முடக்கிய பச்சைப் பாட்டில்களைக் கொட்டகையில் வைத்தால் பார்ப்பவர் பேசுவார்கள் என்று, மாப்பிள்ளை அவற்றைத் தம் கட்டிலின் கீழ் அடுக்கிவைத்தார். தகரச் சுவர் கொண்ட வீடு. இளந்தம்பதியர் சற்றே புரண்டு படுத்தாலும், மைத்துனரின் பாட்டில்கள் அச்செய்தியைக் கணகணவென்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் அறிவித்தன. காலையில் குழாயடிக்கு வரும் பெண்கள் அந்த மகளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் தண்ணீர் எடுக்க வருவதையே நிறுத்திவிட்டாள்.

மாப்பிள்ளை கணக்கிட்டபடி மைத்துனர் படுக்கவில்லை. இரண்டு கம்பெனிகளும் சேர்ந்தே படுத்தன. இவருடைய சிவப்புப் பாட்டில்கள் அவரிடம் சிக்கிக்கொண்டன. அவருடைய பச்சைப் பாட்டில்கள் மாப்பிள்ளையின் கட்டிலுக்கடியில் கிடந்தன. பச்சைக் கோட்டைச் சுரண்டிவிட்டுச் சிவப்பு அடிக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னபோது மட்டும் அண்ணாச்சி துண்டைக் கீழே வைத்தார். "அது மட்டும் வேண்டாம், மாப்பிள்ளை" என்றார். அவ்வளவு பேசியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

சக்கரம் பகலிலேயே நின்றுவிடலாயிற்று. சோடா வராத கடைகளில் மஞ்சள் குடைகள் விரிந்தன. லேபர் கேம்ப் முனையில் இருந்த வெற்றிலைக் கடைக்காரரும் பனிப்பெட்டி வாங்கி வைத்துக்கொண்டு, சோடாப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார். அண்ணாச்சி என்னைத் தனியே அழைத்தார்.

"உங்க சங்கத்துல கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன். நாங்களும் குடிக்கதுதான விக்கோம்? நாங்க தொழிலா, இல்லையா?"

அவ்வார இறுதியில் செயற்குழுவின் விருந்து இருந்தது. தலைவர் நல்ல மனநிலையில் இருந்த நேரம் பார்த்து, கோலி சோடாத் தொழிலுக்காகச் சங்கம் ஒரு சொல் சொல்லலாகாதா என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"கோலி சோடாவா? அது தொழில் இல்லையப்பா. அது ஒரு பழக்கம்" என்றார், தம் மொழியில். "தொழில் என்றால் ஆலை இருக்க வேண்டும், விளம்பரம் இருக்க வேண்டும், நட்டம் இருக்க வேண்டும். அதை விடு. மஞ்சள் பானக்காரர்கள் நம் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்கள். இன்றைய விருந்தே அவர்கள் செலவு. அவர்களை வரவேற்று ஒரு பேச்சு எழுது. போட்டி நம்மை வலுப்படுத்தும் என்று எங்காவது வரட்டும்."

தொழில் அன்று என்று அவர் ஒதுக்கிய பொருள் அவர் கையிலிருந்த கோப்பையில் பாதிக்குமேல் நிரம்பியிருந்தது. விருந்தளித்தவர்களின் மஞ்சள் பானம் மேசைமீது திறக்கப்படாமலே இருந்தது. அதை விஸ்கியில் கலக்க எந்த நோயாளியும் துணியவில்லை.

அடுத்த ஞாயிறு நான் திடலுக்குப் போனேன். இரு தரப்பும் பெயருக்கு ஆளுக்கொரு சாக்கோடு வந்து, ஒன்றையும் மாற்றாமல் முறைத்துக்கொண்டு நின்றன. அண்ணாச்சிக்கு அருகில் மாப்பிள்ளை நின்றார். அப்போது லேபர் கேம்ப் பக்கமிருந்து ஒரு கைவண்டி உருண்டு வந்தது. அதன் நிறையக் காலிப் பாட்டில்கள், சிவப்பும் பச்சையுமாக. வண்டிக்கு முன்னால் ஒரு பெண்மணி நடந்து வந்தார். பருத்த உடல், வாயில் புகையிலை, இடுப்பில் சாவிக்கொத்து. லேபர் கேம்ப்பில் சாராயம் விற்ற அவரை எல்லாரும் 'ஆன்ட்டி' என்றே அழைப்பார்கள். திடலில் நின்ற ஆண்கள் அனைவரும் ஒரே கணத்தில் வேறு திசை பார்த்தார்கள். அவரை அறிந்தவர் எத்தனை பேர் என்பதை அதைவிடத் துல்லியமாக எவராலும் காட்டியிருக்க முடியாது.

"ஏ அண்ணே! ஏ தம்பி! ரெண்டு பேரும் மூஞ்சத் திருப்பாதிய!" என்று அவர் வந்த வேகத்திலேயே தொடங்கினார். "இந்தா கெடக்கு உங்க பாட்டிலு. இத வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? மால் இருக்கு, ஆள் இருக்கு, சோடா இல்ல. என் தந்தா பந்த்! யாவாரமே நின்னு போச்சு!"

அண்ணாச்சி திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "யாரும்மா நீ? எனக்குத் தெரியாதே."

"தெரியாதா? வெத்தலக் கடைக்கு தெனமும் வண்டி வண்டியா சோடா அனுப்புனியரே, அவன் என்ன அதுல குளிக்கானா?"

திடலின் மறுபுறம் திரும்பியிருந்த முதுகுகள் குலுங்கின.

"இப்ப அவனும் மஞ்சப் பெட்டிய வாங்கி வச்சுட்டான். அந்த மஞ்சத் தண்ணியவும் ஊத்திக் குடுத்துப் பாத்துட்டேன். என்ன ஆன்ட்டி, இருமல் மருந்துல சர்பத் கலந்திருக்கியான்னு கேக்கானுவ. நேத்து போலீஸ் ஹவல்தாரே கிளாஸ வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஓசிக்குக் குடிக்க ஆளே வேண்டாம்னுட்டா, துட்டுக் குடுத்துக் குடிக்கவன் எப்பிடி வருவான்?"

மாப்பிள்ளை ஓர் அடி முன்னால் வந்தார். "மேடம், இது பிசினஸ் மேட்டர். நீங்க இதுல…"

ஆன்ட்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, நீதான் அந்தப் புது மாப்பிள்ளையா? கட்டிலுக்கடியில பாட்டில அடுக்கிவச்சுப் படுக்கியாமே? லேபர் கேம்ப் வரைக்கும் மணியடிக்கில்லா கேக்கு! பாத்துய்யா, பிள்ளை பொறக்கதுக்குப் பதிலா கோலி பொறந்துறப் போவுது."

இம்முறை முதுகுகள் திரும்பிவிட்டன. எல்லாரும் வெளிப்படையாகவே சிரித்தார்கள். மதினியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மைத்துனர் வானத்தைப் பார்த்தபடியே சிரித்தார். மாப்பிள்ளை தலைவலி என்று யாரிடமோ சொல்லிவிட்டு, வந்த வேலையை மறந்தவர்போல் ரயில் நிலையத்தின் பக்கம் நடந்தார்.

ஆன்ட்டி நிறுத்தவில்லை. "கேட்டுக்கிடுங்க. நாளைக்குக் காலையில சோடா வரணும். வெத்தலக் கடைக்கு இல்ல, நேரா என் வீட்டு வாசலுக்கு. வரலன்னா குர்லாவுல இருந்து எறக்கிருவேன். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் இந்தக் கோலிய வச்சி வெளையாடிக்கிட்டு இருங்க."

அண்ணாச்சி அசையாமல் நின்றார். அந்த வாசலில் அவர் வண்டி நின்றால், கோயில் கமிட்டியிலிருந்து சொந்தக்காரர்கள் வரை எல்லாரும் பார்ப்பார்கள். நிற்காவிட்டால் சக்கரம் நிற்கும். நான் அவர் முகத்தைக் கவனித்தேன். அவர் பார்த்ததோ ரயில் நிலையத்துக்குப் போகும் சந்தின் பக்கம்.

"மாப்பிள்ளை போயிட்டாங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"போயாச்சு" என்றார் மதினி. "மூலை திரும்பியாச்சு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தாச்சுங்கேன்லா."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். பல வாரங்களாகக் கேட்காத குரல் வெளியே வந்தது. "எலே! என்ன வாயப் பாத்துக்கிட்டு நிக்கிய? ஓடுங்கலே! கட்டிலுக்கடியில கெடக்கத மொத்தமும் கொண்டாங்க! மாப்பிள்ளை திரும்பி வாரதுக்குள்ள!"

ஆட்கள் ஓடினார்கள். மறுபுறம் மைத்துனர் வாய் திறக்காமல் கையை மட்டும் அசைத்தார். அவருடைய ஆட்களும் ஓடினார்கள். சற்று நேரத்தில் திடல் முழுவதும் கண்ணாடியாயிற்று. ஆன்ட்டி தம் கைவண்டிமீது அமர்ந்து, "அது பச்சை, கண்ணு தெரியலையா? இந்தப் பக்கம் போடு" என்று தாமாகவே மேற்பார்வை பார்த்தார். மதினி மீண்டும் தேநீர் கொண்டுவந்தார். இம்முறை குவளைகள் மூன்று.

பாட்டில்கள் பிரிந்து முடிந்ததும் அண்ணாச்சி ஆன்ட்டியின் அருகில் சென்று நின்றார்.

"தங்கச்சி, ஒன்னையத் தெரியாதுன்னு சொன்னது பொய்யி. நம்ம கம்பெனிக்குப் பெரிய கஸ்டமரே நீதான். நாளைக்குக் காலைல என் வண்டி ஒன் வாசலுக்கே வரும்."

இதை எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். ஆன்ட்டி புகையிலையைத் துப்பிவிட்டுத் தலையை அசைப்பதற்குள், மைத்துனர் பேசினார். தனிக் கம்பெனி தொடங்கியபின் அவர் அண்ணாச்சியிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"அத்தான், அவங்க மொதல்ல என் கஸ்டமராக்கும்."

"ஒன் கஸ்டமரா?" என்று அண்ணாச்சி சீறினார். "பன்னீர் சோடாவுல சாமிக்குத் தீர்த்தம் தெளிக்க மாதிரி எசென்ஸ் விடுத பயலுக்கு கஸ்டமரு வேறயா?"

"நீரு விடுத எசென்ஸுக்கு அதக் குடிக்கப்படாது, தலைக்குத்தான் தேய்க்கணும்!"

"ஏல, ஒனக்குத் தொழில் கத்துக் குடுத்ததே நானு!"

"அதனாலதான் மறக்கதுக்கு இத்தன வருசம் ஆச்சி!"

மதினி நடுவில் நின்றபடி தம் தேநீரைக் குடித்து முடித்தார். இருவரும் பேசிக்கொள்கிறார்களே என்னும் மகிழ்ச்சி அவர் முகத்தில் இருந்தது. "ஆளுக்குப் பாதி. சண்டைய வீட்டுல போயிப் போடுங்க" என்று தீர்ப்புக் கூறிவிட்டு, ஆன்ட்டி காலிக் கைவண்டியை உருட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் சக்கரம் பகல் முழுவதும் சுற்றியது. மாப்பிள்ளையிடம் எவரும் எதுவும் கூறவில்லை. கட்டிலுக்கடியில் ஏன் ஒன்றும் இல்லை என்று அவரும் கேட்கவில்லை. சில நாள்களில் செம்பூரில் ஒரு கம்பெனியில் அவருக்குக் கணக்கர் வேலை கிடைத்து, இளந்தம்பதியர் சத்தமில்லாத ஒரு கட்டிலோடு தனிக்குடித்தனம் போனார்கள்.

சோடா தவறாமல் வரத் தொடங்கியதும் மஞ்சள் குடைக் கடைக்காரர்களுக்கும் மனம் மாறியது. ஆனால் பனிப்பெட்டியைத் திருப்பித் தர எவருக்கு மனம் வரும்? மேலே பார்வைக்கு நான்கு மஞ்சள் பாட்டில்களை நிறுத்திவிட்டு, அடியில் பனிக்கட்டிக்குள் கோலி சோடாவைப் புதைத்து வைத்தார்கள். வெயிலில் அலைந்து திரிந்த கழுத்துப்பட்டை ஏஜெண்டு ஒருநாள் வெற்றிலைக் கடைக்கு வந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, காற்று அடைத்துவிட்டது என்று முனகினாராம். கடைக்காரர் இரக்கம் மேலிட்டு, அவர் கம்பெனிப் பெட்டியின் அடியிலிருந்தே ஒரு சோடாவை எடுத்து உடைத்துக் கொடுத்தாராம். அவர் அதைக் குடித்து, நீண்டதோர் ஏப்பம் விட்டு, நன்றி கூறிவிட்டுப் போனாராம். இதை அண்ணாச்சி எனக்கு நடித்தே காட்டினார், ஏப்பம் உட்பட.

மழை தொடங்கிய பின்னர் ஒரு ஞாயிறு, மொச்சைக் குழம்பின் சுமையோடு நான் அங்கே சென்றேன். தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது. அதற்குமேல் சக்கரத்தின் ஓசை. இரும்புக் கடைக்குப் போகாத அந்த எந்திரத்தின் அருகே அண்ணாச்சி நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார்வாள், சேதி தெரியுமா? ஸ்டேஷன் பக்கத்துல எனக்கு ஒரு கடை இருந்துச்சுல்லா, பெரிய கடை? அத நேத்து என் மச்சினன் புடிச்சுட்டான்!"

"அதற்கா இவ்வளவு மகிழ்ச்சி?"

"பெறவு? பய தொழில் பண்ண ஆரம்பிச்சுட்டாம்லா!" என்றவர் உள்ளே திரும்பிக் கத்தினார். "எலே, சுத்துங்கலே சக்கரத்த! நாளைக்கு விடியதுக்குள்ள அவன் கடை ரெண்டு நமக்கு வேணும். அந்தப் பச்சப் பாட்டில் சாக்கையும் பாத்து எடுத்து வையுங்க. இன்னிக்கு சாயந்தரம் குடுக்கணும். ஒண்ணும் உடஞ்சிரப்படாது."

பிறகு ஓர் இஞ்சி சோடாவை எடுத்து, கட்டை விரலால் கோலியை உள்ளே அழுத்தி, அந்தக் கிரீச்சிடும் ஓசையோடு எனக்கு உடைத்துக் கொடுத்தார். மஞ்சள் பானக்காரர்களை வரவேற்கும் சொற்பொழிவை மறுநாள் காலைக்குள் நான் முடிக்க வேண்டியிருந்தது. குடித்தேன். நெஞ்சில் அடைத்திருந்தது நல்லபடியாக வெளியேறிற்று.